அது யாருடைய தோல்

இன்று காலை நம் கூடத்தில் செல் வளர்க்கும் பெட்டியின் கதவைத் திறந்ததும் அந்த வாசனை முகத்தில் அடித்தது. வெதுவெதுப்பான ஈரமும் லேசான இனிப்பும் கலந்த வாசனை. உனக்கு அது பிடிக்கும். "செல்லுங்க சந்தோஷமா இருக்குதுங்க, மோந்து பாரு" என்பாய். நான் ஒரு நாளும் அதை நம்பியதில்லை. இனிப்பாக வாசனை வந்தால் எங்கோ பூஞ்சை புகுந்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும்; ஒவ்வொரு தட்டாக எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பேன். இன்றைக்கும் கை தானாக உள்ளே போனது. பெட்டி காலி. நானேதான் போன வாரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து வைத்தேன். தெரிந்திருந்தும் மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு என்று துழாவிவிட்டுத்தான் கதவைச் சாத்தினேன்.

அந்தப் பெட்டியில் இத்தனை வருடம் வளர்ந்தது யாருடைய தோல் என்று எத்தனையோ முறை உன்னைக் கேட்டிருக்கிறேன். உயிரோடு இருந்தவரை நீ வாயைத் திறக்கவில்லை. இப்போது பதில் எனக்குத் தெரியும். பதிலோடு வந்த கோபமும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த மடல்.

உனக்குத் தெரிந்த கதையை உனக்கே சொல்கிறாளே என்று சிரிக்காதே. வரிசையாக எழுதினால்தான் எனக்கு எதுவும் பிடிபடும். எம்எஸ்சி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். பிறகு ஒரே கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தோம். பின்கட்டில் உடைந்த மேசைகள் கிடந்த அறையைக் காலி செய்து, மனிதத் தோலின் செல்களைத் தட்டில் வளர்க்கும் கூடமாக மாற்றினோம். நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய அப்பாவின் மகள். பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டு எப்போது வேண்டுமானாலும் பாரீசுக்குப் போயிருக்கலாம். நான் வில்லியனூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் போட்ட வீட்டிலிருந்து பஸ் பிடித்து வந்தவள். நீ ஏன் போகாமல் இங்கேயே கிடக்கிறாய் என்பதில்தான் உன் மேல் எனக்கு முதல் சந்தேகமே வந்தது. "மதாம் பொலிஸ் வந்தாச்சி, எல்லாரும் கைய தூக்குங்க" என்று என்னைப் பார்த்ததும் கத்துவாய். நான் கோபித்துக்கொண்டால் காபி வரும்.

கூடத்தின் கதவில் விதிகளை ஒட்டியது நான். முதல் விதி, இங்கே வேலை செய்பவர் எவரும் தன் சொந்தச் செல்லைத் தானே வளர்க்கக் கூடாது. புதிதாக வருகிறவர்கள் இது எதற்கு என்று கேட்பார்கள். தட்டில் நாம் செல்லின் வளர்ச்சியைத் தூண்டுகிறோம், சாவைத் தள்ளிப் போடுகிறோம். அப்படி மாறிப்போன செல் தவறி ஊசிமுனை வழியாக உடம்புக்குள் போய்விட்டால், அடுத்தவர் செல்லாக இருந்தால் உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்துக் கொன்றுவிடும். சொந்தச் செல்லாக இருந்தால் வீட்டுப் பிள்ளை வருகிறது என்று கதவைத் திறந்து விட்டுவிடும். அந்தத் தாளை ஒட்டிய அன்று நீ பக்கத்தில் நின்று டேப்பைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தாய். அந்தக் கையை நான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

நம் வேலை சிக்கலானது என்று வெளியில் எல்லோரும் நினைத்தார்கள். நீ அதை எப்படி எளிதாகச் சொல்வாய் என்பது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கல்லூரியைப் பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை நுண்ணோக்கி முன்னால் நிறுத்தி, "தோல்ல ஒரு செல்லு தானா எதையும் முடிவு பண்ணாது. அதுக்கு சேதி வரணும்" என்று தொடங்குவாய். தோலின் அடி வரிசையில் இருக்கும் செல்லுக்கு வளரச் சொல்லி ஒரு சேதி வெளியிலிருந்து வரும். செல்லின் மேற்புறத்தில் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கை உண்டு. அந்தக் கை உள்ளே இன்னொன்றைத் தொடும், அது வேறொன்றைத் தொடும், இப்படி மாறி மாறிச் சேதி உட்கரு வரைக்கும் போய்ச் சேரும். செல் இரண்டாகும். இரண்டில் ஒன்று அடியிலேயே தங்கும். மற்றது மேலே தள்ளப்படும்போது பக்கத்துச் செல் அதைத் தொட்டு, போதும், இனி நீ பிரியாதே, முதிர்ந்துகொள் என்று வேறு சேதி கொடுக்கும். மேலே ஏறஏற அதைச் சுற்றிச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், கூடிக்கொண்டே போகும். அதுவும் சேதிதான். செல் அக்கம்பக்கத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தட்டையாகும், உட்கருவைக் கரைத்துக்கொள்ளும், செத்துப்போகும். செத்த பிறகும் இடத்தை விட்டு நகராமல் காவல் நிற்கும். அதுதான் நாம் தொட்டுப் பார்க்கிற தோல்.

"அப்போ நம்ம மேல இருக்கறது எல்லாம் பொணமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள். அவள் முகம் சுளித்ததை நீ மிகவும் ரசித்தாய்.

"ஆமா. ஆனா நல்ல சாவு. ஒழுங்கா வளந்து, ஒழுங்கா முதிர்ந்து, வேலைய முடிச்சிட்டு செத்ததுங்க. இன்னொரு சாவு இருக்குது. வெயில்லயோ வேற எதுலயோ ஒரு செல்லு உள்ளுக்குள்ள கெட்டுப்போச்சின்னா, அதுக்கே அது மேல சந்தேகம் வந்துடும். நான் இருந்தா மத்ததுங்களுக்கு ஆபத்துன்னு தன்னைத்தானே முடிச்சிக்கும்." அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பக்கம் திரும்பி, "செல்லுக்கு சந்தேகம் வந்தா அது சாவும். இந்த மதாமுக்கு சந்தேகம் வந்தா நம்மள சாவடிக்கும்" என்றாய். பிள்ளைகள் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது, காட்டிக்கொள்ளவில்லை.

நாம் பார்த்துக்கொண்டிருந்தது சொரியாசிஸ் நோயை. வளரச் சொல்லும் சேதி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் நோய் அது. செல்கள் முதிரக்கூட நேரமில்லாமல் மேலே வந்து குவிந்து செதில் செதிலாக உதிரும். சேதி எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமானால், நோய்த்தோலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல தோல் வேண்டும். விலை கொடுத்து வெளிநாட்டிலிருந்து வாங்க அப்போது நமக்கு வழியில்லை. கூடம் தொடங்கி ஒரு வருடம் ஓடியும் நல்ல தோல் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் வம்பாகீரப்பாளையத்து அஞ்சலை கொதிக்கிற எண்ணெயைக் கையில் கொட்டிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தாள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு நீ வார்டுக்குப் போனாய். வந்தபோது முகம் தொங்கிப்போயிருந்தது. என்ன ஆயிற்று என்றேன். "பா போசிப்ள்" என்றாய். நடக்காத காரியம் என்றால் உனக்கு அந்தப் பிரெஞ்சு வார்த்தைதான் வாயில் வரும்.

சில நாளிலேயே வளர்ப்புப் பெட்டியில் ஒரு புதுத் தட்டு இருந்தது. அடியில் ஆங்காங்கே சின்னச் சின்னத் தீவுகளாகச் செல்கள் ஒட்டிப் பிடித்திருந்தன. மூடியில் மஞ்சள் மையில் "பொன் போ" என்று எழுதியிருந்தாய், நல்ல தோல் என்று அர்த்தமாம்.

"யாரோடது?" என்றேன்.

"ஒரு பொம்பளையோடது. நல்ல தோலு."

"சம்மதம் வாங்கினியா?"

"அதெல்லாம் முழு சம்மதம். கவலைப்படாத."

"பேரு?"

"மதாம் பொலிஸ், காபி குடிக்கிறியா?"

அந்தப் பெண் அஞ்சலைதான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. நீ கேட்டிருப்பாய், அவள் மாட்டேன் என்றிருப்பாள், எப்படியும் குப்பைக்குப் போகிற மிச்சம்தானே என்று நீ எடுத்து வந்துவிட்டாய் என்று கணக்குப் போட்டேன். எனக்கு அது பெரிய தப்பாகப்பட்டது, இன்றைக்கும் படுகிறது. படிக்காதவள், பயந்தவள், கேட்க ஆளில்லாதவள் என்பதால் அவள் உடம்பில் கை வைக்கலாமா? ஆனால் தட்டில் இருந்த செல்கள் அவ்வளவு நன்றாக வளர்ந்தன. நீ அவற்றைப் பெருக்கி மஞ்சள் மூடிக் குழாய்களில் அடைத்து, புகை கக்கும் குளிர்த்தொட்டிக்குள் இறக்கினாய். ஒவ்வொரு ஆராய்ச்சிக்கும் ஒரு குழாயை எடுத்து உருக்குவோம். அது வளர்ந்து, களைத்து, நிற்கும்வரை வேலை வாங்குவோம். நானும்தான் வாங்கினேன். சந்தேகத்தோடு வாங்கினேன்.

அதன் பிறகு உன்னைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்ததெல்லாம் சந்தேகத்தை வளர்த்தது. மார்க்கெட்டில் எல்லாக் கூடையிலும் நின்று ஒரு ரூபாய்க்குச் சண்டை போடுகிறவள் நீ. அஞ்சலையிடம் மட்டும் சொன்ன விலைக்குப் பேசாமல் வாங்கிப் பையில் போடுவாய். ஏன் என்றால், "அவகிட்ட பேரம் பேச மாட்டேன்" என்பாய். உறுத்துகிறது, அதனால்தான் என்று நான் நினைத்துக்கொள்வேன். இன்னொன்று, சித்திரை வெயிலில்கூட முழுக்கைச் சட்டை. தோல் கறுக்கிறது என்றாய். வாழ்நாளில் ஒரு கிரீம் தடவாதவளுக்கு அந்தக் கவலை எங்கிருந்து வந்தது?

அந்தக் கோடை உனக்கு நினைவிருக்கிறதா? தட்டில் இருந்த செல்கள் எல்லாம் திடீரென்று பிரிவதை நிறுத்திவிட்டு, ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்து, தட்டையாகி, முதிர்ந்துவிட்டன. மாதக்கணக்கான வேலை போயிற்று. நான் ஏசி மெக்கானிக்கைச் சந்தேகப்பட்டேன், கூட்ட வருகிற அம்மாவைச் சந்தேகப்பட்டேன், உன்னையும்தான். நீ என் மூக்கைச் சந்தேகப்பட்டாய், நான் தட்டைத் திறந்து திறந்து பார்த்ததால்தான் செல்கள் மிரண்டுவிட்டன என்றாய். கடைசியில் காரணம் பாட்டிலில் இருந்தது. காய்ச்சி வடித்த நீர் கொடுக்கும் கருவி பழுதாகியிருந்தது. யாரோ பாட்டில்களைக் கடைசியாக அலசும்போது குழாய்த் தண்ணீரில் அலசியிருக்கிறார்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வாளியில் வெள்ளைவெள்ளையாகப் படியுமே, அந்தச் சுண்ணாம்பு பாட்டிலில் தங்கி, தோலின் மேல்பக்கம் வந்துவிட்டோம் என்று செல்களுக்குப் பொய்ச் சேதி கொடுத்துவிட்டது. அவை நம்பிவிட்டன. அந்த வாரம் பாட்டில் கழுவும் முறை உன்னுடையது.

"குத்தவாளி நான்தான். கைது பண்ணு" என்று இரண்டு கையையும் நீட்டினாய். சட்டைக்கை மேலே ஏறியது. சட்டென்று இழுத்து விட்டுக்கொண்டாய். என் கண்ணுக்கு எதுவும் படவில்லை, இழுத்துவிட்டதுதான் பட்டது. இவள் இன்னும் எதையோ மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன், பார்.

போன மார்கழியில் கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டு வீட்டுக்குப் போய், நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றப் போனவள் அப்படியே போய்விட்டாய். இதயம் என்றார்கள். நான் அழுதேன், நிறைய அழுதேன். அழுகை ஓய்ந்த பிறகு, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டுவிட்டேனே என்ற ஆத்திரம் வந்தது.

கோடையில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிலிருந்து உத்தரவு வந்தது. யாரிடமிருந்து எடுத்தது என்று தெரியாத செல் எதுவும் இனி இங்கே இருக்கக் கூடாது. கொடுத்தவரைக் காட்ட வேண்டும். அவர் இல்லையென்றால் வாரிசின் சம்மதத்தைக் காட்ட வேண்டும். இரண்டும் முடியாவிட்டால் அழித்துவிட வேண்டும். குளிர்த்தொட்டியில் மஞ்சள் மூடிக் குழாய்கள் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தன. என்னிடம் முனைவர் பட்டத்துக்கு வேலை செய்கிற பெண்ணின் ஆராய்ச்சி முழுக்க அவற்றின் மேல் நின்றது. அவள் அப்பா சேதராப்பட்டுத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து அவளைப் படிக்க வைக்கிறார். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பினேன்.

அஞ்சலைக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. கூடையில் சங்கரா மீன் பளபளத்தது. நீ இறந்த செய்தி அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"தோலா? கேட்டுச்சி. இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றாள். "ஆபரேஷனுக்கு மொத நாளு கட்டிலாண்ட வந்து உக்காந்து, கொஞ்சம் தோலு மிஞ்சும், நான் எடுத்துக்கவான்னு கேட்டுச்சி. எதுக்குன்னேன். தட்டுல வெச்சி வளப்பேன்னுச்சி. எத்தினி நாளு இருக்கும்னேன். ஐஸ்ல வெச்சா நீ போனப்புறங்கூட இருக்கும்னுச்சி. யம்மாடி, எனக்கு ஒடம்பே சிலுத்துப்போச்சி. வேணாம் தாயி, நான் செத்தா மொத்தமா சாவணும், ஒரு துண்டு மட்டும் இங்க முழிச்சிக்கினு கெடக்கக் கூடாதுன்னுட்டேன்."

"அப்புறம் அவளா எடுத்துக்கினாளா?"

"சீ! மயக்கம் தெளிஞ்சப்புறம் வந்து, மிச்சத்த சின்ன டப்பால காட்டி, பாத்துக்க அஞ்சலைன்னு சொல்லி, எங் கண்ணு எதிர்லயே மஞ்சக் கவர்ல போட்டுச்சி. ஆஸ்பத்திரிக் குப்பை எடுக்கறவன் கையில குடுத்ததையும் பாத்தேன்."

நான் நம்பவில்லை. அப்படியானால் நீ ஏன் அவளிடம் மட்டும் பேரம் பேசாமல் வாங்கினாய் என்று கேட்டேன்.

"அதுங்கிட்ட நான் மொதல்லயே சரியான வெலைய சொல்லிடுவேன். மத்தவங்களுக்குத்தான் ஏத்தி சொல்லுவேன்." கூடையில் தண்ணீர் தெளித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டாள், "ஒனக்கும்தான்."

மார்க்கெட் வாசலில் வந்து நின்றேன். எடுக்கவில்லை என்றால், அந்தத் தட்டு எங்கிருந்து வந்தது? சித்திரை வெயிலில் முழுக்கைச் சட்டை என் கண் முன்னால் வந்தது. ஆட்டோ பிடித்து நேரே முதலியார்பேட்டையில் உன் அக்கா வீட்டுக்குப் போனேன்.

உன் அக்கா என்னை உட்கார வைத்து, தன் வழக்கப்படி பால் இல்லாத காபியைச் சின்னக் கோப்பையில் கொடுத்தாள். உன் கையில் ஏதாவது வடு இருந்ததா என்றேன்.

"இருந்திச்சே. எடது கை, முழங்கைக்குக் கீழ, உள்பக்கம். வாசல் கேட் கம்பி கிழிச்சிடுச்சின்னா. கம்பி கிழிச்சா ஸ்கேல் வெச்சா மாதிரியா கிழியும்? தெரிஞ்ச டாக்டர் யாரோ தையல் வேற போட்டிருந்தாரு. நான் கேக்கல. எங்க ஊட்ல அதெல்லாம் தோண்டிக் கேக்கற பழக்கம் இல்ல." பிறகு என்னைப் பார்த்து, "ஏன், நீ கேக்கலயா?" என்றாள்.

உன் அக்கா சொன்னதையும் நான் உடனே நம்பிவிடவில்லை. அவளிடமே விஷயத்தைச் சொல்லி, கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் ஒரு துடைப்பு எடுத்துக்கொண்டு வந்து, மஞ்சள் மூடிக் குழாயின் செல்லோடு ஒப்பிடக் கொடுத்தேன். இருவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று வந்தது. அன்றைக்குக் கூடத்தின் கதவில் நான் ஒட்டிய தாளின் முன்னால் நின்று, முதல் விதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ அதை மீறியதோடு நிற்காமல், வருடக்கணக்கில் அந்தத் தட்டுகளை உன் கையாலேயே கையாண்டிருக்கிறாய். பைத்தியக்காரி. உன் இறப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் மருத்துவமனை அறிக்கையை உன் அக்காவிடம் கேட்டு வாங்கி, வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.

உன் மேல் சந்தேகப்பட்டதற்காக வருத்தப்படுகிறேன் என்று எதிர்பார்க்காதே. நீ மறைத்தாய். என்னிடம் சொல்லியிருந்தால் அந்தத் தட்டை அன்றைக்கே எடுத்துப் பிளீச்சில் போட்டிருப்பேன், அது உனக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. திருடி என்று நான் நினைத்தாலும் பரவாயில்லை, தட்டு பிழைக்கட்டும் என்று இருந்துவிட்டாய்.

இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். கொடுத்தவர் தெரிந்தாகிவிட்டது, வாரிசு இருக்கிறாள், ஒரு கையெழுத்துதான் பாக்கி. உன் அக்கா மாட்டேன் என்றாள்.

"அவளுக்கு மாதா கோயில்ல பூசை வெச்சி, முழுசா அடக்கம் பண்ணிட்டோம்னு நெனச்சிக்கினு இருக்கேன். நீ வந்து மிச்சம் இருக்குதுன்ற. அதுவும் உசுரோடன்ற."

"உசுரோட இருக்கறது நல்லதுதானே அக்கா? அவள்ல கொஞ்சம் நம்மகிட்ட இருக்குதுன்னு வெச்சிக்கங்களேன்."

"அதான் பயமா இருக்குது. ராவுல படுத்தா, அங்க தனியா என்னா பண்ணுதோன்னு தோணுது." அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "எனக்கு அது வேணும். அவளோட சேக்கணும்."

நான் வாதாடினேன். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க உதவும் என்றேன். என் மாணவியின் படிப்பைச் சொன்னேன். உன் ஆசை இதுதான் என்றும் சொன்னேன். எதற்கும் அசையவில்லை. என் மாணவி, "மேடம், அவங்ககிட்ட இன்னொரு தடவ பேசிப் பாருங்க, ப்ளீஸ்" என்றாள். பேசியிருப்பேன். உன் அக்கா வயதானவள், தனியாக இருக்கிறாள், நாலு தடவை போய் உட்கார்ந்தால் சலித்துப்போய்க் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றுகூடத் தோன்றியது. அப்போது அஞ்சலை சொன்ன மஞ்சள் கவர் நினைவுக்கு வந்தது. ஒரு வருடம் காத்திருந்து கிடைத்த தோல் உன் கையில் டப்பாவில் இருந்திருக்கிறது. அவள் மாட்டேன் என்றாள், நீ போட்டுவிட்டாய். இரண்டாவது முறை கேட்கக்கூட இல்லை.

நானும் கேட்கவில்லை. மாணவிக்கு வேறு செல் வாங்க எழுதிப் போட்டிருக்கிறேன். அவள் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும். என்னோடு சில நாள் சரியாகப் பேசவில்லை.

செல்லை அழிப்பதென்றால் நாம் பிளீச்சை ஊற்றுவோம். பிங்க் நிற ஊட்டநீர் வெளுத்துப்போகும், செல்கள் கரைந்துபோகும். பாட்டிலைக் கையில் எடுத்தேன், முடியவில்லை. நீ பிள்ளைகளிடம் சொன்ன நல்ல சாவு ஞாபகம் வந்தது. மிச்சம் இருந்த குழாய்களை எல்லாம் ஒன்று விடாமல் உருக்கினேன். மெல்லிய சல்லடை விரித்த கிண்ணங்களில் செல்களை விட்டு, அடி நிறைந்து பரவும்வரை காத்திருந்தேன். பிறகு கால்சியத்தைக் கூட்டினேன். மேலே இருந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றுப் படும்படி உயர்த்தினேன். இந்த முறை அது பொய்ச் சேதி இல்லை. செல்கள் பக்கத்திலிருந்ததைப் பிடித்துக்கொண்டன. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கு கட்டின. மேலே வந்தவை தட்டையாகி, உட்கருவைக் கரைத்துக்கொண்டு, செத்து, அங்கேயே நின்றன. தினமும் போய்ப் பார்த்தேன். ஏதாவது கெட்டிருக்கிறதா, எங்கேயாவது தப்பாகக் குவிந்து வளர்கிறதா என்று சந்தேகக் கண்ணோடுதான் பார்த்தேன். ஒரு குறை இல்லை. உண்மையிலேயே நல்ல தோல்தான்.

பார்மலினில் நனைத்து எல்லா உயிரும் அடங்கிய பிறகு எடுத்தேன். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக, லேசாகப் பழுப்பு ஓடி இருந்தது. இத்தனை வருடம் செல்லாகவே பார்த்தது, முதல் முறையாக உன் நிறத்தில் தெரிந்தது. அப்போதுதான் உடைந்து அழுதேன்.

கல்லறைத் திருநாள் அன்று காலையில் மழை பிடித்துக்கொண்டது. கல்லறைத் தோட்டம் முழுக்கக் குடைகள், சாமந்தி, வெள்ளையடித்த ஈரச் சிலுவைகள். மெழுகுவர்த்தி அணையாமலிருக்கப் பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உன் அக்கா தன் செபமாலை வைத்திருந்த சின்ன டப்பாவைக் காலி செய்து கொண்டு வந்தாள். அதில் உன்னை வைத்து மூடினேன். தோட்டக்காரர் உன் தலைமாட்டில் சின்னதாகக் குழி தோண்டினார். அக்கா தன் கையாலேயே மண்ணைத் தள்ளினாள். கொஞ்ச நேரம் ஜெபம் சொன்னாள். எனக்கு அந்த ஜெபம் தெரியாது, சும்மா நின்றேன்.

வெளியே வரும்போது என் குடைக்குள் வந்து நின்றாள்.

"எல்லாத்தையும் போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் அக்கா."

"ஒண்ணும் எடுத்து வெச்சிக்கலயே?"

"இல்லக்கா."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எத்தனை பேரை அப்படிப் பார்த்திருப்பேன்! அப்படிப் பார்க்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தொட்டியைத் திறந்து காட்டுகிறேன், பெட்டியைத் திறந்து காட்டுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. காட்டினாலும் என்ன? இவள் வேறெங்காவது வைத்திருப்பாள் என்று அக்காவுக்குத் தோன்றத்தானே செய்யும். நீ ஏன் ஒவ்வொரு முறையும் பதிலுக்குக் காபியை நீட்டினாய் என்று அப்போது புரிந்தது.

"நீ வெச்சிருப்ப" என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து அழுத்தினாள். "எனக்குத் தெரியும். நானா இருந்தா வெச்சிருப்பேன்."

நான் வைத்துக்கொள்ளவில்லை. உனக்குத் தெரியும், நான் விதிப்படி நடக்கிறவள். உருக்கிய குழாய்களைக் கணக்குப் பார்த்தேன், தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்க்காத குறையாகத் தேடினேன், ஒன்றுகூட இல்லை. ஆனால் அக்கா அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டுப் போன பிறகு எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. இன்று காலை காலிப் பெட்டிக்குள் கையை விட்டு மூன்று அடுக்கையும் துழாவினேன் என்று சொன்னேனே, அதற்காகத்தான். எனக்குத் தெரியாமல், எங்காவது ஒரு மூலையில், உன்னை நான் எடுத்து வைத்திருக்க மாட்டேனா என்று.